கார்த்திகை மழையும் கணவாய்க் காற்றும்

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்ச் சீதோஷ்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு விருந்தாளி வந்து இறங்கினால், காபி டம்ளரைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, "எப்படிங்க எங்க ஊர்க் காத்து?" என்று கேட்டு விடுவார்கள். விருந்தாளி "ஆஹா!" என்றாக வேண்டும். சொல்லத் தவறினால் அன்றைய பலகாரத்தில் ஓர் ஐட்டம் குறையும் என்பது என் சந்தேகம்.

ஆனால், வருஷத்தில் ஒரு வாரம் வரும். அந்த ஒரு வாரம் மட்டும் எந்தக் கோயமுத்தூர்க்காரரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கார்த்திகையிலோ மார்கழியின் முற்பகுதியிலோ, எங்கோ வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டாகும். இங்கே வானம் துலக்காத ஈயப் பாத்திரம் போல் ஆகிவிடும். கொட்டித் தீர்க்கிற மழையா என்றால், பல நாள் அதுவும் இல்லை. நசநசவென்று ஒரு தூறல், நடுவில் ஒரு மணி நேரம் பலத்த மழை, மறுபடி தூறல். கூடவே காற்று. குடையை மேல் நோக்கி மடக்கி, புடைவைத் தலைப்பைப் பிடுங்கி, கோலப்பொடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் போகிற காற்று. ஏழெட்டு நாளைக்குச் சூரிய பகவான் லீவில் போய்விடுவார். "ஏனுங்க்கா, துணி காஞ்சுதுங்களா?" என்பதுதான் அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு வீடு கேட்கிற குசலப் பிரச்னம்.

இந்த வாரத்தின் முழு சொரூபத்தையும் பார்க்க ஆசையா? உக்கடத்துக்கு வாருங்கள். கோயமுத்தூரிலிருந்து மலையாள தேசத்துக்குப் போகிற சாலை இங்கிருந்துதான் புறப்படுகிறது. பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி பஸ்களுக்கு இங்கேதான் வந்து நிற்க வேண்டும். ஆத்துப்பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொள்ளாச்சிக்கு, மற்றொன்று குனியமுத்தூர், மதுக்கரை வழியாகப் பாலக்காட்டுக்கு. 2024 ஆகஸ்டில் திறந்த மேம்பாலம் இப்போது இந்த நெரிசலுக்கு மேலே பாய்ந்து செல்கிறது. ஜனங்கள் போகிற அதே திக்கில்தான் காற்றும் போகிறது, வருகிறது. ஜனங்களாவது டிக்கெட் வாங்குகிறார்கள்.

மலையில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு நீண்ட மதிலாக எண்ணிக்கொள்ளுங்கள். வடக்கே நீலகிரி, அதன் சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமலைத் தொடர். அங்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்வளவு பிரமாதமான மதிலில், நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அந்த வாசலுக்குக் கிழக்கே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில், திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது கோயமுத்தூர்.

பழைய வீடுகளில் வாசற்கதவையும் புழக்கடைக் கதவையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் ரேழியில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலண்டர் படபடக்கும், அடுப்பு அணையும், பாட்டி, "யாருடா கதவைத் திறந்தது?" என்று சத்தம் போடுவாள். கொங்கு நாடு ஒரு பெரிய ரேழி. வைகாசியிலிருந்து புரட்டாசி வரையில் மேற்கே இருந்து, அதாவது மலையாளப் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். ஆடிக் காற்று என்று அம்மியைக் கூடப் பறக்க விடுகிறார்களே, அது இதுதான். பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் வரிசை வரிசையாக நிற்கிற காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. ஐப்பசி பிறந்த பிறகு காற்று திசை மாறும். கிழக்கிலிருந்து புறப்பட்டு, நம் ரேழி வழியாக, அரபிக் கடலை நோக்கிப் போகும். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டிலும் திருச்சூரிலும் வீசுகிற கிழக்குக் காற்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். அது நம் ஊரைக் கடந்து போன காற்றுதான்.

காற்று இவ்வளவு தாராளமாக இருக்கிறதே, மழையும் அப்படித்தானே என்று நினைக்க வேண்டாம். கோவை நகரத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை ஏறக்குறைய 65 முதல் 70 சென்டிமீட்டர்தான். இதே ஜில்லாவில், வால்பாறைக்கு அருகே சின்னக்கல்லாறு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 300 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது! தென்மேற்குப் பருவ மழையை மலை அந்தப் பக்கமே பிடித்து நிறுத்திக்கொண்டு, நமக்குச் சாரலை மட்டும் அனுப்புகிறது. வீட்டில் மூத்த மருமகளுக்குப் பட்டும் இளையவளுக்கு ரவிக்கைத் துண்டும் கொடுக்கிற மாமியாரைப் போல என்று ஒரு சிநேகிதி சொன்னாள். அவள் இளைய மருமகள்.

ஆகவே, கோயமுத்தூருக்கு வருஷ மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாசங்களின் வடகிழக்குப் பருவம்தான். இந்த மழை தினந்தோறும் பெய்வதில்லை. தவணை முறையில் வருகிறது. கடலில் ஒரு தாழ்வு உண்டானால் ஐந்தாறு நாள் மழை. பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ வெயில். மறுபடி ஒரு தவணை. சில சமயம் தவணைக்காரர் பெரிய ஆளாகவே வந்துவிடுவார். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டு, திண்டுக்கல் ஜில்லாவின் மேலாக வலுவிழந்து, கேரளத்தைக் கடந்து அரபிக் கடலில் போய் விழுந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாமல்லபுரம் அருகே கரையேறிய மாண்டஸ் புயலின் எச்சமும் மேற்கே நகர்ந்து கடைசியில் அரபிக் கடலைத்தான் அடைந்தது. புயலே வர வேண்டும் என்பதில்லை. ஒரு சாதாரணத் தாழ்வு குமரிக் கடல் பக்கம் வந்து நகராமல் உட்கார்ந்துகொண்டால் போதும். அது மேற்கே நகர்ந்து அரபிக் கடலுக்குப் போய்ச் சேரும் வரையில் நமக்கு விமோசனம் இல்லை.

இட்லி மாவு சொல்லும் ஜோசியம்

அந்த வாரத்தில் பீளமேட்டு விமான நிலையத்தில் எத்தனை டிகிரி என்று பேப்பரில் போடுவார்கள். எதற்கு? நம் வீட்டு இட்லி மாவைப் பார்த்தால் தெரியாதா?

கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அவ்வளவு பெயர் பெற்ற கிரைண்டரில், அவ்வளவு நல்ல உளுந்தைப் போட்டு அரைத்தாலும், இந்த வாரத்தில் மாவு பொங்க மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்யும். மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு 28, 30 டிகிரி வெப்பம் இருந்தால் குஷி. ராத்திரியில் சமையலறை 20 டிகிரிக்கு இறங்கிவிட்டால் அவையும் நம்மைப் போலவே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகின்றன. காலையில் மூடியைத் திறந்தால், நேற்று வைத்த மட்டத்திலேயே மாவு. அன்றைக்கு இட்லி கல், தோசைதான் கதி. அனுபவசாலிகள் மாவுப் பாத்திரத்தை, சாதம் வடித்து அணைத்த அடுப்பின் பக்கத்திலோ, வெந்நீர் நிறைந்த அகலமான பாத்திரத்துக்குள்ளோ வைப்பார்கள். உப்பைக் கையால் கரைத்து வைத்தால் சீக்கிரம் புளிக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. கையின் சூடாவது மாவுக்குக் கிடைக்கிறதே!

உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நாலு அரிசியைப் போட்டு வைத்தால் கொஞ்சம் தேவலை. பீரோவில் பட்டுப் புடைவைக்கு முடை நாற்றம் வரும். செருப்பில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். குழந்தைகளின் பள்ளிக்கூட யூனிபாரத்தை மின்விசிறிக்கு அடியில் விரித்துவிட்டு, அது காய்ந்ததா என்று நடு இரவில் எழுந்து தொட்டுப் பார்க்கிற தாய்மார்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கதவு ஜன்னலையெல்லாம் இறுக மூடி வீட்டுக்குள்ளேயே ஈரத் துணியை உலர்த்தினால், துணியிலிருந்து வருகிற ஈரம் சுவரில்தான் போய்ச் சேரும். மூச்சிரைப்பு உள்ள குழந்தையிருக்கிற வீட்டில் அந்தச் சுவர்ப் பூஞ்சணம் சத்துரு. குளிர்ந்தாலும் பாதகமில்லை, பகலில் ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

சமையலிலும் கொங்கு நாடு தன் சம்பிரதாயத்தை விடுவதில்லை. கொள்ளு வேக வைத்த தண்ணீரில் ரசம். அந்தக் கொள்ளையே கடைந்து சாதத்தில் பிசைந்து, மேலே நல்லெண்ணெய். அவசரமென்றால் அரிசியும் பருப்பும் சாதம். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. சாயங்காலம் சுக்குக் காப்பி. உக்கடம் மீன் மார்க்கெட்டை நம்பியிருக்கிற வீடுகளில் மட்டும் கொஞ்சம் தகராறு. கிழக்குக் கடலில் புயல் கூண்டு ஏறினால் ராமேசுவரம், நாகப்பட்டினம் படகுகள் கரையிலேயே நிற்கும். அப்புறம் மேற்குக் கரை மீனைத்தான் எதிர்பார்க்க வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு, "அட போங்க, முருங்கைக்காய்க் குழம்பே போதும்" என்று திரும்பி விடுகிறவர்களும் உண்டு.

குளத்துக்கு ஒரு வம்சாவளி

உக்கடத்தில் மழை வாரத்தைக் கழித்தவர்கள் பெரியகுளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். சுமார் 320 ஏக்கர் பரப்புள்ள குளம். இது தனிக் குளம் அல்ல, பெரிய குடும்பத்தில் பிறந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல் நதி, கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிற வரையில், வழியெல்லாம் அணைக்கட்டு வைத்து, வாய்க்கால் வெட்டி, குளங்களை நிரப்பிக்கொண்டே போகும்படி முன்னோர்கள் ஏற்பாடு செய்தார்கள். நரசாம்பதி நிரம்பினால் கிருஷ்ணாம்பதிக்கு, அங்கிருந்து செல்வம்பதிக்கு, பிறகு முத்தண்ணன் குளம், பிறகு செல்வசிந்தாமணி, அதன் மிச்சம் உக்கடம் பெரியகுளம், பெரியகுளம் நிரம்பினால் வாலாங்குளம், அங்கிருந்து மீண்டும் நொய்யலுக்கே. பந்தியில் சாம்பார் வாளி நகர்வது போல, மேல் வரிசை திருப்தியானால்தான் கீழ் வரிசைக்கு வரும்.

இதில் ஒரு வேடிக்கை. நகரத்தில் பெய்கிற கார்த்திகை மழையைவிட, ஆடியில் வெள்ளியங்கிரிப் பக்கம் பெய்கிற மழைதான் நொய்யல் வழியாக இந்தக் குளங்களை அதிகம் நிரப்புகிறது. நகரத்து மழை தெருக் குப்பையையும் சாக்கடையையும் சுமந்துகொண்டு வரும். மலை மழை செம்மண் கலந்து வரும். எந்தத் தண்ணீர் வந்திருக்கிறது என்று கரையில் நின்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பெரியகுளமும் நல்ல காலம், கெட்ட காலம் இரண்டையும் பார்த்துவிட்டது. 2013-ஆம் வருஷக் கோடையில் அடி வெடித்துக் காய்ந்து கிடந்தது. மாநகராட்சியும் 'சிறுதுளி' அமைப்பும் பொதுமக்களும் சேர்ந்து தூர் வாரினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்னி ஷோவுக்குப் போகிற வயசுப் பிள்ளைகள் மண்வெட்டியும் கையுமாக வந்தார்கள். பெண்களும் மண் சுமந்தார்கள். அதே வருஷம் பருவ மழையில் நொய்யல் தண்ணீர் வந்தபோது, பார்க்க வந்த கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? பின்னால் நகர அபிவிருத்தித் திட்டத்தில் கரை நெடுக நடைபாதை, விளக்கு, உட்காரும் பெஞ்சு எல்லாம் வந்தன. சாயங்காலம் காற்று வாங்க இப்போது நல்ல இடம். பெஞ்சுகளுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைச் சாக்கடை நீரைத் தடுப்பதற்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தாமரைக்குப் பதில் ஆகாயத் தாமரை படர்ந்தால் அது தண்ணீரின் அழுக்குக்குச் சாட்சி.

குளக்கரைகளில் முன்பு குடிசை போட்டிருந்த குடும்பங்களை அரசாங்கம் கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி என்று நகருக்கு வெளியே கட்டிய அடுக்கு வீடுகளில் குடியேற்றியது. மழை ராத்திரியில் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அது பெரிய விஷயம். ஆனால், அந்தப் பெண்களில் பலருக்கு வேலை இன்னும் நகரத்தில்தான். நம் வீடுகளில் பாத்திரம் துலக்க, ஓட்டலில் இலை எடுக்க, மார்க்கெட்டில் கூடை சுமக்க விடிகாலையில் பஸ் ஏறுகிறார்கள். முன்பு 10 நிமிஷ நடை. இப்போது சிலருக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். அவிநாசி சாலைப் பாலத்தின் கீழும் லங்கா கார்னரிலும் தண்ணீர் தேங்கிவிட்டால் பஸ் எப்போது வரும், எப்போது போய்ச் சேரும் என்று நிச்சயம் இல்லை. மழை வாரத்தில் உங்கள் வீட்டு வேலைக்காரம்மாள் ஒரு மணி நேரம் தாமதமாக, முழங்கால் வரை நனைந்த புடைவையோடு வந்தால், முகத்தைச் சுளிப்பதற்கு முன் அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நடூரில் இடிந்த சுவர்

இதுவரையில் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி வருவது சிரிக்கிற சமாசாரம் அல்ல.

கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, சமவெளியைத் தாண்டி, நீலகிரியின் கிழக்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது அங்கே மழை வலுக்கிறது. அதனால்தான் கோயமுத்தூரில் தூறல் போடுகிற நாளில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் கொட்டுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில் கார்த்திகை மார்கழியில் அடிக்கடி மண் சரிந்து நின்றுபோவதும் இதனால்தான். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் விடியாத நேரம். இரவெல்லாம் மழை. அங்கே ஒரு பெரிய வீட்டைச் சுற்றிச் சுமார் 20 அடி உயரத்துக்குக் கருங்கல் மதில் எழுப்பியிருந்தார்கள். அதன் மறுபுறம் ஏழைகளின் ஓட்டு வீடுகள். மழையில் ஊறிய மதில், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். எல்லோரும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மதில் அபாயகரமாக நிற்கிறது என்று முன்பே முறையிட்டிருந்ததாக ஊர் ஜனங்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழையில் சுவர் எப்படி விழுகிறது? மதிலுக்கு ஒரு பக்கம் மண் மேடாக இருந்தால், அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். வெளியேற வழியில்லாத தண்ணீர் சுவரைத் தள்ளும். அடியில் வடிகால் துவாரங்கள் விட்டுக் கட்டினால் தண்ணீர் கசிந்து போய்விடும். துவாரம் இல்லாவிட்டால் எத்தனை கனமான சுவரானாலும் அந்தக் கனமே அதற்கு எமன். மண் சுவர் வேறு தினுசு. அது ஊறி, அடியில் கரைந்து, மழை விட்ட பிறகும் விழக்கூடும். நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடிக்கிறது, இனிப் பயமில்லை என்று குழந்தைகளை அந்தச் சுவரோரம் விளையாட விடக் கூடாது. உங்கள் தெருவில் வயிறு தள்ளிய மதில் ஏதாவது இருக்கிறதா? மேலிருந்து கீழாக வெடிப்பு விட்டிருக்கிறதா? இருந்தால், மாநகராட்சிக்கு எழுதிப் போடுங்கள். ஒரு தரம் போதாது, பத்துத் தரம் எழுதுங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. சுவர் உங்களுடையதாகவே இருந்தால், யாருக்கும் எழுத வேண்டியதில்லை. கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

எட்டாம் நாள் வெயில்

ஏழெட்டு நாளானதும் ஒரு விடிகாலையில் வித்தியாசம் தெரியும். காற்று விழுந்திருக்கும். ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளவில்லையே என்பதனாலேயே விழிப்பு வந்துவிடும். வாசலில் வந்து பார்த்தால் மேற்கே மலைகள், கை நீட்டினால் தொடலாம் போல, கழுவித் துடைத்து வைத்த மாதிரி நிற்கும். எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். அன்றைக்கு உக்கடத்து மொட்டை மாடிகளைப் பார்க்க வேண்டும்! துணி காயாத கொடி இல்லை. மெத்தை சாயாத கைப்பிடிச் சுவர் இல்லை. மிளகாய், மல்லி, புளி, போன தீபாவளிக்கு வாங்கிய ஜமக்காளம், பாட்டியின் கம்பளி எல்லாம் வெயிலில். தாத்தா மட்டும் நாற்காலியோடு தாமே வந்து காய்வார்.

வெயில் வந்துவிட்டது, இனிக் குளிர் இல்லை என்று ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். மேகம் இரட்டை வேஷம் போடுகிற பேர்வழி. பகலில் அது குடை. சூரியனை மறைத்து வெப்பத்தைத் தடுக்கிறது. ராத்திரியில் அது போர்வை. பூமியின் சூடு ஆகாசத்துக்கு ஓடிவிடாமல் காக்கிறது. ஆகவே, மழை வாரத்தில் பகலுக்கும் இரவுக்கும் அவ்வளவு பேதம் தெரியாது. மேகம் கலைந்தால் குடையும் போச்சு, போர்வையும் போச்சு! பகலில் 29, 30 டிகிரி. விடியற்காலையில் 18, 19 டிகிரி. தரை ஈரமாகவும் வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருந்தால் பனிமூட்டம் வேறு. அந்தக் காலைகளில் பெரியகுளத்தின் மேல் பஞ்சுப் பொதியை அவிழ்த்துவிட்ட மாதிரி மூடுபனி நிற்கும். அதற்குள்ளிருந்து கூழைக்கடா ஒன்று, கப்பல் மாதிரி சாவகாசமாக மிதந்து வெளியே வரும். நாமக்கோழிகள் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கும். நடைபாதையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வருகிற பென்ஷன்காரர்களைப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே சாயல்தான்.

இட்லி மாவு? அது இந்த ஒரு வாரப் பட்டினிக்கும் வட்டியோடு பழி தீர்க்கும். பழக்க தோஷத்தில் அடுப்பின் பக்கத்தில் வைத்தீர்களோ, விடிகாலையில் மேடையெல்லாம் வழிந்து தரைக்கு இறங்கியிருக்கும்.

இந்த நல்ல வெயிலில்தான் இன்னொரு பேர்வழியும் குஷியாகிறான். டெங்குக் கொசு. மழை கொட்டுகிறபோது அவனால் அதிகம் செய்ய முடியாது. மழை நின்று, சுத்தமான தண்ணீர் அங்கங்கே தேங்கி, வெயிலும் காய்ந்தால் அவனுக்கு யோகம். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆக, கதகதப்பான நாட்களில் அவனுக்கு 8, 10 நாள் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மழையில் இட்ட முட்டை, நீங்கள் மெத்தையைக் காயப் போடுகிற வாரத்தில் கொசுவாகி, உங்கள் குழந்தையின் காலைத் தேடி வருகிறது. அதுவும் பட்டப் பகலில்! சாக்கடைத் தண்ணீரை இவன் நாடுவதில்லை. புழக்கடையில் போட்டு வைத்த பழைய ஆட்டுக்கல்லின் குழி, பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு, மொட்டை மாடியில் பழைய டயர், மூடாத சின்டெக்ஸ் தொட்டி, இவைதான் அவன் பிரசவ விடுதிகள். உக்கடத்தில் பழைய சாமான்கள் குவித்து வைத்திருக்கிற கடைகளைக் கடந்து போகும்போது எனக்கு முதலில் இந்த ஞாபகம்தான் வருகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும். அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறபோதே இதையும் செய்துவிடலாம். காய்ச்சல் வந்துவிட்டால், கடையில் நாமாகவே வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஆபத்து. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விட்டதென்று எண்ணவும் கூடாது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, அசதி இவையெல்லாம் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாளில்தான் கண்டால், உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

மார்கழிக் கோலத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே! மழை வாரத்தில் இரண்டு நிமிஷத்தில் கரைந்துபோகிற கோலத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பெண்கள், முதல் வெயில் நாளில் தெருவையே அடைத்துத் தேர்க்கோலம் போடுவார்கள். நனைந்து இறுகிய வாசல் மண்ணில் புள்ளி அழகாக உட்காரும். ஸ்கூட்டர்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

பொங்கலுக்கு முதல் நாள் கொங்கு நாட்டு வீடுகளில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து நிலையிலும் கூரையிலும் செருகுவது வழக்கம். பூளைப்பூவை யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. தரிசிலும் வரப்பிலும் தானாக முளைத்து, வெள்ளை வெளேரென்று தையை ஒட்டிப் பூக்கிறது. நாம் ஒரு வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்த இந்த மழைதான் அதற்குத் தண்ணீர். மழை பொய்த்த வருஷங்களில் கட்டு சின்னதாக இருக்கும், விலை பெரிதாக இருக்கும். இந்தத் தடவை நல்ல மழை பெய்திருந்தால், டவுன்ஹால் பக்கமும் உக்கடத்திலும் கூடை கூடையாக வந்து இறங்கும். அப்போதும் முதலில் சொல்கிற விலைக்கு வாங்கிவிடாதீர்கள், பாதியில் ஆரம்பியுங்கள்.